உமிக்கரி தேய்த்த பற்கள்

தாராவியில் நாங்கள் இருந்த சாலில், அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே குழாய். காலையில் அதில் தண்ணீர் வருகிற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் குடம் பிடிக்க வேண்டும், பல் தேய்க்க வேண்டும், சண்டையும் போட வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் செய்யத் தெரிந்தவர்கள்தான் அங்கே பிழைத்தார்கள். நான் நன்றாகவே பிழைத்தேன். வாய் நிறையக் கரியை வைத்துக்கொண்டு ஏசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள்.

கரி என்றால் உமிக்கரி. நெல் உமியைச் சுட்டு, உப்புச் சேர்த்து இடித்தது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் யார் வந்து இறங்கினாலும் பையில் அல்வா இருக்கிறதோ இல்லையோ, ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் உமிக்கரி இருக்கும். இந்து வீடு, முஸ்லிம் வீடு, வேதக்கார வீடு என்கிற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. பம்பாய் முழுக்கப் பிரஷ்ஷும் பேஸ்டுமாக மாறி எத்தனையோ காலமான பிறகும் எங்கள் சால் மட்டும் அசையவில்லை. "பேஸ்டு தேச்சா ஈறு செத்துப் போவும்" என்பது என் அப்பாவின் கட்சி. இதை எந்த டாக்டர் சொன்னான் என்று கேட்டால் அடி விழும்.

குழாயடியில் எல்லாரையும்விட மும்முரமாகத் தேய்க்கிறவன் மூன்றாவது வீட்டுப் பையன். என் வயதுதான். அவன் வாப்பாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறை இருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி ஒரு தேய்ப்பு. கொப்பளித்துத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். "எப்படி மின்னுது?" என்பான்.

"ஏல, சவத்துப் பயலே, தள்ளு. கொடம் வைக்கணும்" என்பேன் நான்.

என் பக்கத்தில் நிற்கிறவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் எங்கள் அடுத்த வீடு, என் கூடப் படித்தவள், என் உயிர்ச் சிநேகிதி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எதற்கு என்று சாலில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் அவர்கள் நிக்காஹ் பத்திரிகை கைக்கு வந்தபோதுதான் விளங்கியது. படிப்பில் முதல், மற்றதில் இப்படித்தான் நான்.

மூன்று பேரும் ஒரே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டால் டிராம்பே பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவோம். அங்கே படகுத்துறையில் உட்கார்ந்து அவித்த கடலை தின்போம். ஒரு பக்கம் எண்ணெய் ஆலைச் சிம்னிகள், ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள், நடுவில் சாம்பல் நிறத்தில் சேறு. பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் அந்தச் சேற்று வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குப் பதிமூன்று வயது ஆகிவிடுகிறது. என்ன செய்ய, அந்த வயதில் எது கிடைத்ததோ அதுதானே நமக்குக் கடற்கரை.

நான் பல் டாக்டர் ஆனேன். வாழ்க்கைப்பட்டது மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஊறிய பாலக்காட்டுக் குடும்பத்தில். அதற்கு இரண்டு வீட்டிலும் நடந்த ரகளையை இங்கே எழுதினால் இடம் போதாது. என் மாமியார் முதல்முதலாக என் வாய்க்குள் பார்த்துவிட்டு, மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு வயசு என்னன்னு சரியா விசாரிச்சியோடா? பல்லு ஒன்னைவிடப் பத்து வயசு மூத்ததா இருக்கே" என்று கேட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த அம்மாள் பார்த்தது தப்பில்லை. பதினைந்து வருடக் கரி என் பல்லின் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தது.

செம்பூர் திலக் நகரில் சொந்தக் கிளினிக் போட்டேன். அது போக வாரத்தில் இரண்டு நாள் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவேன். அங்கே ஒரு துறை இருக்கிறது, நான் வேலை பார்ப்பது அதில்தான். அடையாளம் தெரியாத எலும்பு கிடைத்தால் போலீஸ் தாடையை அங்கேதான் கொண்டுவரும். மற்ற எலும்பு நொறுங்கினாலும் பல் நிற்கும். குழந்தைகள் என்றால் எந்தப் பல் முளைத்திருக்கிறது, எது இன்னும் எலும்புக்குள் இருக்கிறது என்று பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். கடைவாய் ஞானப்பல்லும் முளைத்து முடிந்த பெரியவர்களிடம்தான் சிக்கல். அதற்கப்புறம் பல் வளராது, தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து ஒரு உத்தேசம் சொல்வார்கள். இன்னும் நிச்சயம் வேண்டுமானால் பல்லை மெல்லிய சீவலாக அறுத்து வேரைப் பார்க்க வேண்டும்.

இந்த வேலை ஒருநாள் என் சாலுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் சிநேகிதியின் புருஷன், அதாவது அந்தக் குழாயடிப் பையன், முப்பத்திமூன்று வயதில் காணாமல் போனான். மழைக்காலம். காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. பெரிய சண்டை ஒன்றுமில்லை, கைக்குழந்தைக்குச் சளி, டாக்டரிடம் யார் தூக்கிக்கொண்டு போவது என்பதில் ஆரம்பித்தது. அது எங்கெங்கோ போய், "இந்த வீட்டுல மனுசன் இருப்பானா" என்று கத்திவிட்டு, மாதிரிப் பைகளைத் தூக்கிக்கொண்டு டிராம்பே பக்கம் ஒரு வியாபாரியைப் பார்க்கப் போனான். வியாபாரியைப் பார்த்திருக்கிறான். அங்கிருந்து கிளம்பியும் இருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை.

போலீசில் சொல்லி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து டீக்கடைக்காரர் ஒருவர் அவனைக் கழிமுகத்துக்கு அக்கரையில், கோபர்கைரனேயில் பார்த்ததாகச் சொன்னார். கூட ஒரு பெண்ணாம். அவ்வளவு போதாதா? சால் முழுக்க அதே பேச்சு. இவள் கைக்குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, கோபர்கைரனேயில் தெருத் தெருவாக நடந்தாள். மார்க்கெட்டில் நின்றாள், பள்ளிவாசல் வாசலில் ஜும்ஆ முடிந்து வருகிற ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன்.

அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு ஏச ஆரம்பித்தாள். தையல் மிஷின் போட்டு மகளை வளர்த்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே ஏசுவாள், ரொட்டி சுட்டுக்கொண்டே ஏசுவாள். "நாசமாப் போவான், எவ மடியில கெடக்கானோ." குழாயடியில் வாய் திறக்காதவள், என்னையே தோற்கடித்துவிட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் உயிரோடு இருக்கிறானா செத்தானா என்பதுகூட இல்லை. தன்னை விட்டுப் போனானா, இல்லையா. அது தெரியாமல் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் டிராம்பே கழிமுகத்தில் தடுப்புச் சுவர் கட்டச் சேற்றைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. பழைய புகார்களையெல்லாம் எடுத்துப் பார்த்து, இவளுடைய மகளிடம் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். அவன்தான். அதில் சந்தேகமே இல்லை. அடிபட்ட தடம் எதுவும் எலும்பில் இல்லை. கால் வழுக்கி விழுந்தானோ, வெள்ளம் இழுத்ததோ, யாருக்கும் தெரியாது. எப்போது செத்தான் என்பதும் தெரியவில்லை. அந்தச் சேற்றில் இரண்டு வருடம் கிடந்த எலும்புக்கும் பன்னிரண்டு வருடம் கிடந்த எலும்புக்கும் லேசில் வித்தியாசம் சொல்லிவிட முடியாது. ஆகவே, சாகும்போது என்ன வயது என்று பல்லைப் பார்த்துச் சொல்லும்படி துறைக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம் பார்த்தா எனக்குக் காய்ச்சல் வர வேண்டும்? நான் படுத்துக் கிடந்தேன். துறைத் தலைவர் பற்களின் தேய்மானத்தைப் பார்த்து, முதல் உத்தேசமாக நாற்பத்தைந்து என்று சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் அதை அப்படியே சாலில் போய்ச் சொல்லிவிட்டார்.

நாற்பத்தைந்து. உயிரோடு இருந்தால் இப்போது அவனுக்கு அதுதான் வயது. கணக்குப் போட யாருக்குத்தான் தெரியாது? அப்படியானால் சமீபம் வரைக்கும் இதே பம்பாயில் உயிரோடு இருந்திருக்கிறான். ஒரு லோக்கல் ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்தால் வந்துவிடலாம், வரவில்லை. மகள் பூப்பெய்தியதற்கு வரவில்லை, மாமியார் மவுத்தாகி அடக்கியதற்கு வரவில்லை. "நாந்தான் அப்பவே சொன்னேம்லா, கோபர்கைரனேன்னு" என்று டீக்கடைக்காரர் அரைக் கிளாஸ் கட்டிங் டீயை நீட்டிக்கொண்டே ஊருக்கெல்லாம் சொன்னாராம்.

காய்ச்சல் விட்டதும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள். மையத்தை, அதாவது அந்த எலும்புகளை, வாங்கி அடக்கம் செய்ய வேண்டுமே என்று அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் வாங்க மாட்டேன். யாரு கூட இருந்தாகளோ அவ வந்து வாங்கட்டும்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ பல்லு டாக்டருதான? நீ பாத்துச் சொல்லு. நாப்பத்தஞ்சா?"

"பாக்குதேன். ஆனா ஒன்னு, ஒனக்குத் தோதா நான் சொல்ல மாட்டேன். இருக்கதத்தான் சொல்லுவேன்."

"தோதா எவ கேட்டா இங்க?" என்று சீறினாள். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள், யாருக்கும் தெரியாமல்.

மறுநாள் துறைத் தலைவரிடம் போய், "சார், இந்தக் குடும்பம் எனக்குப் பழக்கம். நான் ஒரு வரி எழுதமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். பார்க்க மட்டும் விடுங்கள்" என்றேன். அவர் மராட்டிக்காரர், சிடுமூஞ்சி, ஆனால் நியாயஸ்தர். தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கீழ்த்தாடை. சேற்றைக் கழுவித் துடைத்திருந்தார்கள். பற்களின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. ஈறோரத்தில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பள்ளம், அரத்தால் ராவினது போல. வலதுகைக்காரன் விரலை அழுத்தித் தேய்க்கிற இடதுபக்கத்தில் பள்ளம் ஆழம். "எப்படி மின்னுது?" என்று அவன் கேட்ட மாதிரியே இருந்தது. நான் அழுதுவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, துறையில் இருந்த அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். எத்தனையோ தாடையைக் கையில் எடுத்திருக்கிறேன். துப்பிய தண்ணீர் என் பாவாடையில் தெறித்திருக்கிற வாய் அதில் ஒன்றுகூட இல்லையே.

அழுது முடித்துவிட்டு, "சார், இது மென்று தேய்ந்த பல் இல்லை, தேய்த்துத் தேய்ந்த பல்" என்றேன்.

அவர் புருவத்தைத் தூக்கினார். பிரஷ் பண்ணி இவ்வளவு தேயாது, மேலே மெல்லுகிற பக்கமும் தேய்ந்திருக்கிறதே என்றார். எங்கள் ஆட்கள் கடைவாய் வரைக்கும் விரலை விட்டு மேலும் கீழும் கரியால் தேய்ப்பார்கள் என்று எப்படி விளக்குவது? எனக்குப் பொறுமையும் கம்மி. பக்கத்தில் இருந்த பல் பார்க்கிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். மாஸ்க்கைக் கழற்றி வாயை ஆவென்று திறந்தேன்.

"என்ன மேடம் இது?"

"என்னை யாரென்று மறந்துவிடுங்கள். பல்லை மட்டும் பார்த்து வயதைச் சொல்லுங்கள்."

கூச்சப்பட்டார். விடுவேனா? வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். அவருக்குள் இருக்கிற தொழில்காரர் முழித்துக்கொண்டார். விளக்கைத் திருப்பினார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "ஐம்பத்தெட்டு, அறுபது" என்றார்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? வேறு நேரமாக இருந்தால் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. "சார், இதுவும் அதுவும் ஒரே குழாயடி" என்றேன். உமிக்கரி, உப்பு, விரல், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாதாடவில்லை. உடனே ஒரு பல்லை எடுத்து அறுக்க ஏற்பாடு செய்தார். வேரில் ஒரு விஷயம் இருக்கிறது. வயது ஏற ஏற, வேரின் நுனியிலிருந்து மேல்நோக்கி அது தெளிந்துகொண்டே வரும், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி வெளிச்சம் ஊடுருவும். ஈறுக்குள் புதைந்திருக்கிற இடம் அது. அங்கே விரலும் போகாது, கரியும் போகாது. சீவலை விளக்குக்கு மேலே வைத்து அவரே அளந்தார். நான் சுவரோரம் நின்றேன். நாற்பத்தைந்து என்றால் அந்தத் தெளிவு வேரில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நுனியில் கொஞ்சம் நின்றிருந்தது. எக்ஸ்ரேயில் மற்றப் பல்லின் வேருக்குள் ஓடும் நரம்புக்குழியும் அகலமாகவே இருந்தது. அதுவும் வயது ஏறினால் குறுகிப்போகிற சங்கதி.

"முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று. நாலைந்து வருடம் முன்பின் ஆகலாம். நாற்பத்தைந்து இல்லை" என்றார். "அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், திருத்தி எழுதுகிறேன்." போகும்போது திரும்பி, "மேடம், உங்கள் சாலில் யாரும் பேஸ்டே வாங்கவில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும்.

செம்பூரிலிருந்து பஸ் பிடித்து சயான் நாக்கா சந்திப்பில் இறங்கி நடந்தேன். காரில் போகத் தோன்றவில்லை. சால் இருந்த இடத்தில் பாதி இடிந்து மாடிக் கட்டடமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய். குழாயடி இருந்த இடத்தில் யாரோ செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். குடம் குடமாக இடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சண்டையெல்லாம் போய்விட்டதே என்றிருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. உன் புருஷன் எப்போதோ செத்துப்போனான் என்பதை நல்ல சேதியாக எப்படிச் சொல்வது?

அவள் மிஷினில்தான் இருந்தாள். சொந்தக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். நான் பாயில் உட்கார்ந்தேன்.

"அவன் எங்கயும் போகலட்டி" என்றேன்.

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"நாப்பத்தஞ்சு இல்ல. முப்பத்திமூணு. காணாமப் போனப்ப என்ன வயசோ அதான். கரி தேச்சுத் தேச்சுப் பல்லு மூப்பாத் தெரிஞ்சிருக்கு. வேரைப் பாத்தாச்சு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்குத்தான்னு சத்தியம் பண்ண முடியாது. நாலஞ்சு வருசம் அங்க இங்க இருக்கலாம். ஆனா டிராம்பே போனவன் டிராம்பேலதான் கெடந்திருக்கான். பன்னெண்டு வருசம் எங்கயும் போயிக் குடும்பம் நடத்தல."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்து நீவினாள். நெடுநேரம் நீவினாள். "யா ரப்பே" என்றாள். அப்புறம் சொன்னாள்: "வீட்டுக்கு வரத்தான கெளம்பியிருப்பாக. நான் தொழுதுட்டு எந்திரிச்சு எந்திரிச்சு ஏசினேனேட்டி. பன்னெண்டு வருசம். மையத்துக்குத் துவா செய்யாம ஏசிக்கிட்டே இருந்தேனே."

மிஷினை விட்டு எழுந்து வந்து பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என் தோளில் சாய்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். "போகலியா. அவுக போகலியா" என்று கேட்டுக்கேட்டு என்னைச் சொல்ல வைத்தாள். "போகலட்டி, போகல" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மையத்தை அவளே வாங்கினாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் மையவாடியில் அடக்கினார்கள். டீக்கடைக்காரர் முன்னால் நின்று தோள் கொடுத்தாராம். அந்த ஆளை ஏச எனக்கு நாக்கு துறுதுறுவென்றிருந்தது, அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் போனேன். வீட்டு வாசலில் புதுசாக ஒரு திரை தொங்கியது. மிஷினுக்கு மூடி போட்டிருந்தது. உள்ளே அவள் வெள்ளைப் புடவையில், காதில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். புருஷன் மவுத்தானால் அவர்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் இருக்கிற இத்தா அது.

வருகிற வழியில்தான் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் பேசியிருந்தேன். மவுத்தான நாளிலிருந்துதான் கணக்கு, அது எப்போதோ கழிந்துவிட்டது, இந்த அம்மா இருக்கத் தேவையே இல்லை, எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

"ஏட்டி, ஒனக்கு இத்தா முடிஞ்சு எத்தனையோ வருசம் ஆச்சுன்னு ஆலிம்சா சொல்லுதாரு. தையல் ஆர்டரெல்லாம் கெடக்கு. எதுக்கு இப்படி உக்காந்திருக்க?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுன்னுதான் எங்கிட்டயும் சொன்னாக. நான் இருக்கவே இல்லியே, எப்படிட்டி முடியும்?" என்றாள். "போறப்ப அந்தத் திரையச் சரியா இழுத்துவிட்டுட்டுப் போ."